மூன்றாவது வழிக்கு எழுதிய நாலு வரி

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'அஞ்சாண்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். கம்பெனியின் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதுவது அவர் வேலை. வருஷா வருஷம் எழுத வேண்டும். ஒரு வருஷம் கழிந்தால் அந்தப் பக்கம் இன்னொரு வருஷம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்த ஐந்தாண்டு முடிந்ததே கிடையாது. "நான் செத்தாலும் எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் பாக்கி இருக்கும்டி" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நான் அவருக்குப் பக்கத்து மேஜை. அவர் எழுதுவதைத் தட்டச்சு செய்து, வரைபடம் போட்டு, அச்செடுத்து, சுருள்கம்பி கோத்துப் புத்தகமாக்குவது என் வேலை. அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவரே பின்னால் சொன்னார்.

கம்பெனி கண்ணாடிப் பாட்டில் செய்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் அலுவலகம், அந்தப் பக்கம் இரண்டு உலைகள். கண்ணாடி உலையை நம் வீட்டு அடுப்பைப் போல நினைத்தபோது அணைக்க முடியாது. ஒருமுறை மூட்டினால் பத்துப் பன்னிரண்டு வருஷம் எரிந்துகொண்டேதான் இருக்கும். நடுவில் அணைத்தால் உள்ளே கண்ணாடி இறுகி, சுவர் வெடித்து, உலையே பாழாகிவிடும். உள்செங்கல் தேய்ந்துபோனதும் கண்ணாடியை வடித்து, ஆறவைத்து, செங்கல் முழுவதையும் மாற்றி மறுபடி மூட்டுவார்கள். எங்கள் இரண்டாம் உலைக்கு அந்தக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அக்காவின் தம்பி அங்கே ஷிஃப்ட் மேஸ்திரி.

தம்பியை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அக்காதான். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, அவர் மனைவி, பத்தாவது படிக்கும் மகள், அக்கா என்று நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். காலையில் அக்காவும் தம்பியும் சேர்ந்து நடந்து வந்து, சாலை நடுவில் பிரிவார்கள். தம்பி வலப்பக்கம் சூட்டுக்கு, அக்கா இடப்பக்கம் காகிதத்துக்கு.

திட்டம் எப்படித் தயாராகும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். ஒவ்வொரு துறைக்கும் ஒரு படிவம் போகும். விற்பனைத் துறைக்காரர் படிவத்தை நிரப்பும் முன் அக்காவுக்குப் போன் செய்வார்: "மேடம், எவ்வளவு வளர்ச்சி போட்டா மேல இருக்கறவங்களுக்குப் பிடிக்கும்?" பிடித்தது எதுவோ அது போடப்படும். பிறகு நாலு கட்டம் போட்ட ஒரு தாள் வரும்: நம் பலம், நம் குறை, வரும் வாய்ப்பு, வரும் ஆபத்து. பலம் என்ற கட்டத்தில் எல்லாத் துறையும் 'அனுபவமுள்ள ஆட்கள்' என்று எழுதும். குறை என்ற கட்டத்தில் 'அந்த ஆட்களுக்கு வயதாகிவிட்டது' என்று எழுதும். எல்லாவற்றையும் சேர்த்து நான் கோடு வரைவேன். முதல் வருஷம் கொஞ்சம் இறங்கும், இரண்டாம் வருஷத்திலிருந்து ஜம்மென்று ஏறும். பதினோரு புத்தகத்திலும் அதே கோடுதான். நிஜத்தில் அந்த ஏற்றம் ஒருநாளும் வந்ததில்லை. சோடா கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிளாஸ்டிக்குக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புத்தகங்களை யாரும் படிக்கவில்லை என்பது அக்காவின் மனத்தாங்கல். ஒருமுறை நாற்பதாம் பக்கத்தின் நடுவில் 'இந்த வரியைப் படிப்பவருக்கு என் செலவில் ஒரு காபி' என்று எழுதிவைத்தார். பன்னிரண்டு மேலாளர்களுக்குப் புத்தகம் போனது. காபி கேட்டு ஒருவரும் வரவில்லை. நானும் அவரும்தான் போய்க் குடித்துவிட்டு வந்தோம்.

பன்னிரண்டாம் வருஷம் புது எம்.டி. வந்தார். அவர் கூடவே ஓர் ஆலோசகரையும் அழைத்து வந்தார். எதைச் சொன்னாலும் பலகையில் அம்பு போட்டுத்தான் சொல்வார் என்பதால் ஆலோசகருக்கு 'அம்புக்குறி' என்று பெயர் வைத்தோம். மோசமான மனுஷர் இல்லை. எங்களிடம் மரியாதையாகவே பேசினார். அவர் ஒரு விதி கொண்டுவந்தார்: பெரிய முடிவு எதுவானாலும் மூன்று வழிகள் எழுதித்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் உலைக்கு அக்கா முதல் வழியாக 'செங்கல் முழுவதையும் மாற்றுதல்' என்று ஆறு பக்கம் எழுதினார். இரண்டாம் வழி, 'செங்கல் மாற்றும்போதே உலையைச் சிறிதாக்கி மருந்து பாட்டில் மட்டும் செய்தல்'. அது நாலு பக்கம். மூன்றாவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். ஒப்புக்கு ஏதாவது போட்டு இடத்தை நிரப்பலாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே எழுதிக் கொடுத்தார். நான்தான் தட்டச்சு செய்தேன்.

'மூன்றாம் வழி: செங்கல் மாற்றாமல் விடுதல். தேயும்வரை ஓட்டி, உலையை வடித்து மூடிவிடுதல். ஆர்டர்களை முதல் உலைக்கு மாற்றுதல். ஆட்களுக்கு உரிய ஏற்பாடு செய்தல்.'

திட்டக் கூட்டம் ஊருக்கு வெளியே ஒரு ஹோட்டல் ஹாலில் இரண்டு நாள் நடந்தது. மேஜை மேலெல்லாம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கம்பெனிக்காரர்கள் எட்டுப் பேரும் அதிலேயே குடித்தோம். இரண்டாம் நாள் பிற்பகல் எம்.டி. புத்தகத்தைக் கையில் எடுத்தார். ஓரங்களில் பென்சில் குறி போட்டிருந்தது. மனுஷர் ஒரு பக்கம் விடாமல் படித்திருந்தார்.

"இந்த மூணாவது வழியை எழுதினது யாரு?"

அக்கா எழுந்தார். பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"நான்தான் சார்."

"புத்தகம் முழுக்க எல்லாரும் எனக்குப் பிடிச்சதை எழுதியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்கறதை எழுதியிருக்கீங்க. வெல்டன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அம்புக்குறி பலகையில் மூன்றாம் வழியைச் சுற்றி வட்டம் போட்டு, அதிலிருந்து ஒரு அம்பு இழுத்து, அதன் முனையில் அடுத்த வருஷத்தை எழுதினார். அக்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சார், அது வந்து... சும்மா ஒரு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அன்று மாலையே எங்கள் எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு வாரம் கழித்து அறிவிப்பு வரும், அதுவரை யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது. எட்டுப் பேரில் அக்கா ஒருவர். தட்டச்சு செய்தவள் என்பதால் நானும் ஒருத்தி.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் நான் பார்த்தது, சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார், மூடுவார். காலையில் தம்பியோடு சேர்ந்து வருவதை நிறுத்திவிட்டார். வேலை அதிகம் என்று சொல்லி அரை மணி முன்னாலேயே கிளம்பி வந்துவிடுவார்.

மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டில் பேச்செடுத்தார்.

"அக்கா, ஒரு யோசனை கேக்கணும். வடக்கே ஒரு ஊர்ல இருக்கற கண்ணாடி ஃபேக்டரியிலேர்ந்து கூப்பிட்டிருக்காங்க. இதே மேஸ்திரி வேலை. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

அவர் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்: "பாப்பா பத்தாவது. இப்பப் போய் ஊர் மாத்தினா அவ படிப்பு என்னாகும்? நீங்களே சொல்லுங்க அண்ணி."

அக்கா கையில் தம்ளர் இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"நல்ல இடம்தானே... போயேன்."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். "என்னக்கா இப்படிச் சொல்றே? நீதானே இந்த இடத்தை விட்டா வேற கிடைக்குமான்னு சொல்லுவே? உலைக்குச் செங்கல் வருதா இல்லையா? உனக்குத் தெரியாம இருக்குமா?"

"எனக்கென்ன தெரியும். நான் எழுதிக் குடுக்கறதோட சரி."

தம்பி சிரித்துவிட்டார். "அப்ப சரி. மூடறதா இருந்தா நீ எங்கிட்ட சொல்லாம இருப்பியா?"

அதற்கு மேல் அக்காவால் அந்த அறையில் உட்கார முடியவில்லை. குளிக்கப் போகிறேன் என்று எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாராம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்துக்கு வந்தார். என்னையும் வரச் சொன்னார். உலையை அணைக்காமலே, தேய்ந்த இடத்தில் மட்டும் வெளியிலிருந்து செங்கல் வைத்துப் பூசி இரண்டு வருஷம் இழுக்கும் ஒரு முறை உண்டு. தம்பி எப்போதோ சாப்பாட்டு நேரத்தில் சொன்னது. அதை வைத்து நாலாவது வழி ஒன்றை எழுதினார். மருந்து கம்பெனிகளுக்கெல்லாம் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? இரண்டு பேர் எடுத்தார்கள். ஒருவர் 'பார்க்கலாம்' என்றார். அந்தப் 'பார்க்கலாம்'ஐ அக்கா அடித்துத் திருத்தி மூன்று விதமாக எழுதிப் பார்த்தார். எப்படி எழுதினாலும் அது 'பார்க்கலாம்' என்றே இருந்தது.

"பொய்யா ஒரு நம்பர் போட்டுடலாமாக்கா?" என்று நான் கேட்டேன். "எல்லாரும் போடறாங்களே."

அக்கா விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். "இவர் படிக்கற ஆளுடி" என்றார். "கண்டுபிடிச்சுடுவார்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எம்.டி. அறைக்குள் போனார். இருபது நிமிஷத்தில் வெளியே வந்தார். எம்.டி. பொறுமையாகக் கேட்டாராம். நல்ல உழைப்பு என்றாராம். "பின்னிணைப்புல சேத்துடுங்க. ஆனா முடிவு முடிவுதான். ரெண்டு வருஷம் இழுத்துட்டு அப்பவும் இதே இடத்துலதான் நிப்போம், இல்லையா? உங்க டேபிளே அதைத்தானே சொல்லுது" என்று அட்டவணையைத் திருப்பிக் காட்டினாராம். அக்கா போட்ட அட்டவணைதான். அதில் தப்பு இல்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியாமல் போனது.

மேஜைக்குத் திரும்பாமல் அப்படியே படியிறங்கிச் சாலையைக் கடந்து உலைக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனதை விரல்விட்டு எண்ணிவிடலாம். தம்பி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"அந்த வேலைக்குப் போ" என்றார் அக்கா. "இப்பவே போன் பண்ணு."

"காலையில ஒம்பது மணிக்கே வேண்டாம்னு சொல்லிட்டேனேக்கா. ஏன், என்னாச்சு?"

அக்கா சொல்லிவிட்டார். உலை மூடப்போகிறது, இன்னும் நாலு வாரத்தில் அறிவிப்பு வரும், தனக்கு முன்னாலேயே தெரியும். எல்லாவற்றையும் சொன்னார். எழுதியது தான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தம்பி அங்கேயே நின்று அந்த ஃபேக்டரிக்குப் போன் போட்டார். வேறு ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது, வருத்தப்படாதீர்கள் என்றார்கள். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"வியாழக்கிழமை உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்கூட ஒரே பாத்திரத்துல சாப்பிட்டே."

தம்பி தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப ஏன் வந்து சொன்னே? இப்ப நான் உள்ள போயி என் ஷிஃப்ட்ல இருக்கற இருபது பேர் மூஞ்சியை எப்படிப் பாக்கறது?"

இரண்டு நாள் எப்படியோ பார்த்தார். மூன்றாம் நாள், முதல் உலையில் வேலை செய்யும் ஒருவர் வந்து, "அண்ணே, உங்க ஷிஃப்டுக்கு மாத்திக் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். இங்க இருந்தா உங்ககூடவே காலத்தை ஓட்டிடுவேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதற்கு மேல் தம்பியால் முடியவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் கூட்டம். எம்.டி. எங்கள் எட்டுப் பேரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். யார் சொன்னது என்று கேட்டார். நான் சொல்லவில்லை, ஆனால் அக்கா உலைப் பக்கம் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தவள் நான். ஒவ்வொருவராகக் கேட்பார், என் முறை வரும்போது என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நிலை வரவில்லை. அக்கா முதலிலேயே, "நான்தான் சார், என் தம்பிகிட்ட சொன்னேன்" என்றார்.

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஆமா சார்."

அன்றே அனுப்பிவிட்டார்கள். கைப்பையைத் தவிர அவர் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் வாசல்வரை கூடப் போனேன். அதற்குள் அலுவலகத்துக்குள்ளிருந்து யாரோ இன்னொரு செய்தியையும் கூட்டத்துக்குள் விட்டிருந்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. நன்றி சொல்வார்கள் என்று நான் முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்:

"எங்க தலையில கல்லைப் போட யோசனை சொன்னதே இந்தம்மாதான்! அவங்க எழுதினதுதான் எல்லாம்! கேட்டுப் பாருங்க!"

தம்பி அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் அக்காவைப் பார்த்தார்.

வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு பேச்சுதான் நடந்தது. தம்பி கேட்டார், "நீயா எழுதினே?"

"ஆமா."

"ஏன்?"

"மூணு வழி எழுதணும்னு விதி. ரெண்டுதான் இருந்துச்சு. இடத்தை நிரப்ப எழுதினேன்டா. எவனும் படிக்க மாட்டான்னு நெனச்சேன்."

தம்பி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அக்கா சொன்னார். "மூணாவதா உனக்கு வேற எதுவுமே தோணலையாக்கா?" என்று கேட்டார்.

அவரை யாரும் வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. தம்பி மனைவி வேளாவேளைக்குத் தட்டு வைத்தார், முகம் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து அக்காவே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் வெளியான பிறகு காத்திருக்க என்ன இருக்கிறது என்று உலையை வடிக்கும் நாளை முன்னால் நகர்த்தினார்கள். அடியில் துளை போட்டுக் கண்ணாடிக் குழம்பை ஒரு வாய்க்கால் வழியாகத் தண்ணீருக்குள் விட வேண்டும். கொஞ்சம் தவறினால் ஆள் போய்விடும். அந்த வேலை தெரிந்தவர் தம்பி ஒருவர்தான். அவரையே செய்யச் சொன்னார்கள், அவரும் செய்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் கெட்டியாக ஒழுகி வந்து, தண்ணீரில் விழுந்ததும் படபடவென்று வெடித்துப் பொடியானது. தம்பி ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லித் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் பிற்பகல் வரை வடிந்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடி இத்தனை வருஷமாக லேசாக அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது என்பது, அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அறுபத்து நாலு பேரை முதல் உலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் தம்பி பெயர் இல்லை. ஐந்து மாதம் சும்மா இருந்துவிட்டு, ரொம்பத் தூரத்தில் ஒரு ஃபேக்டரியில் சாதாரண ஆபரேட்டராகச் சேர்ந்தார். மகள் படிப்புக்காக மனைவியும் மகளும் இங்கேயே இருக்கிறார்கள். எது நடக்கக் கூடாது என்று அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பயந்தார்களோ, அதைவிட மோசமாக நடந்தது.

அக்கா பல இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். நேர்காணலில் ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்று கேட்பார்கள். அவர் நடந்ததைச் சொல்வார். "வேற ஏதாவது சொல்லுங்களேன்கா" என்று நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. கடைசியில் ஒரு கூரியர் கிடங்கில் வேலை கிடைத்தது. வரும் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்துக் கூடையில் போட வேண்டும். மாலைக்குள் கூடைகள் காலியாகிவிடும். மறுநாளைப் பற்றி யாரும் அவரிடம் கேட்பதில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கூடைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். மெலிந்திருந்தார். விரல்களில் ஒட்டுநாடாவின் பசை கறுப்பாகப் படிந்திருந்தது.

"இந்த வருஷம் புத்தகம் யாரு எழுதறா?" என்று கேட்டார்.

"நான்தான்கா."

அவர் தலையாட்டினார். திட்டவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. கையிலிருந்த பார்சலின் முகவரியைப் படித்து மூன்றாவது கூடையில் போட்டார்.

"தம்பி பேசினாராக்கா?"

"இல்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போன் அடிப்பேன். எடுக்க மாட்டான்." அடுத்த பார்சலைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஆனா கட் பண்ணவும் மாட்டான்டி. முழுசா அடிச்சு ஓயற வரைக்கும் விட்டுடுவான். நானும் காதுல வச்சிருப்பேன்."

வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. நிரம்பிய கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நீ உக்காரு, வந்துடறேன்" என்று அவர் வாசலுக்குப் போனார்.